கவனிக்கப்படாத கிதார் கலைஞர்கள்: யாரிடமிருந்து தொடங்குவது?

கிதார் கலைஞர்களின் பட்டியல் எங்கே வந்தாலும் முதல் வரிசைப் பெயர்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஜிமி ஹென்ட்ரிக்ஸ், எரிக் கிளாப்டன், ஜிம்மி பேஜ், எடி வான் ஹேலன் என்று அது நீளும். அவர்கள் அந்த இடத்துக்குத் தகுதியானவர்கள்தான், அதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆனால் அந்த வரிசையோடு நிறுத்திக்கொள்பவர் கிதாரில் பாதியைக்கூடக் கேட்டிருக்க மாட்டார். அதைத் தாண்டிப் போகலாம் என்று புறப்பட்டால் அடுத்த சிக்கல் வருகிறது. பேசப்படாத மேதைகள் என்று நூறு பெயர்கள் வந்து குவிகின்றன. ஆளுக்கு இரண்டு பாட்டு கேட்டுவிட்டு நகர்ந்தால் யாருமே மனத்தில் தங்குவதில்லை. ஒருவரைத் தேர்ந்தெடுத்து, சில மாதங்கள் அவருடைய வாசிப்போடு மட்டும் இருந்து பார்த்தால்தான் பலன் உண்டு. அந்த ஒருவர் யாராக இருக்கலாம் என்பதைத்தான் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

யார் பெரியவர் என்ற கேள்வியால் இதைத் தீர்க்க முடியாது. அந்த உயரத்தில் இருப்பவர்களை அளக்க நம்மிடம் கோல் இல்லை. அதைவிட உதவியான கேள்வி ஒன்று உண்டு: இவர் ஏன் கவனிக்கப்படாமல் போனார்? சிலரை வியாபாரமும் விதியும் கைவிட்டன. சிலர் எந்த இசை வகைக்குள்ளும் அடங்காததால் எல்லா வரலாறுகளிலிருந்தும் நழுவினார்கள். இன்னும் சிலர் நம் காது வழக்கமாகப் போய் நிற்காத இடத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள். முதல் வகையினரைத் தேடிப் போனால், நமக்கு ஏற்கெனவே பிடித்த ஒன்றின் இன்னும் உயர்ந்த வடிவம் கிடைக்கும். கடைசி வகையினரைத் தேடிப் போனால் கேட்கும் முறையே மாறும். என் சாய்வு இந்தக் கடைசி வகையினர் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விரல் வேகத்தில் மயங்குபவர்களுக்கு

மின்கிதாரின் சோலோக்களில், அதாவது தனி வாசிப்புகளில், மனத்தைப் பறிகொடுத்தவர் டேனி கேட்டனிடம் தயங்காமல் போகலாம். 1945இல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் பிறந்தவர். ஜாஸ், கன்ட்ரி, புளூஸ், ராக்கபிலி எல்லாவற்றையும் டெலிகாஸ்டர் என்ற ஒரே வகை மின்கிதாரில், சில வேளைகளில் ஒரே பாட்டுக்குள்ளேயே கோத்துக் காட்டியவர். 1989இல் ‘கிதார் பிளேயர்’ இதழ் அவரை அட்டையில் போட்டு, உலகின் தலைசிறந்த அறியப்படாத கிதார் கலைஞர் என்று பட்டம் சூட்டியது. 1991இல் பெரிய நிறுவனம் ஒன்றின் வழியாக ‘88 எல்மைரா ஸ்ட்ரீட்’ என்ற வாத்திய இசைத் தொகுப்பு வந்தது. 1994இல் அவர் மறைந்துவிட்டார். அதே வட்டாரத்தில் அதே டெலிகாஸ்டரோடு வாழ்ந்த ராய் புக்கனனுக்கும் எழுபதுகளின் தொடக்கத்தில் ஏறக்குறைய இதே பட்டம்தான் கிடைத்திருந்தது. அறியப்படாதவர் என்பதே இருவருக்கும் விளம்பரமாகிவிட்டது. அந்தப் பட்டத்தைக் கேள்விப்பட்டவர்களில் பலர் வாசிப்பைக் கேட்காமலே இருந்துவிட்டார்கள் என்பதுதான் வேதனை.

டெரி கேத்தின் கதை வேறு. ‘சிகாகோ’ குழுவின் கிதார் கலைஞர் அவர். 1969இல் வந்த அந்தக் குழுவின் முதல் தொகுப்பிலும், 1970இல் வந்த ‘25 ஆர் 6 டு 4’ பாட்டிலும் அவர் வாசிப்பது ராக் கிதாரின் மிக உயர்ந்த தருணங்களில் வைக்கப்பட வேண்டியது. ஒரே சொற்றொடரை அவர் ஒலியைக் குரல்போல மாற்றும் வா-வா பெடலின் மேல் வளைத்து வளைத்து ஏற்றிக்கொண்டு போகும் விதத்தில் ஒரு பாடகனின் ஆவேசம் இருக்கிறது. ஆனால் 1976க்குப் பிறகு அந்தக் குழு மெல்லிய காதல் பாடல்களுக்காகவே பெயர் பெற்றது. 1978 ஜனவரியில் துப்பாக்கி தவறுதலாக வெடித்து, 31 வயதிலேயே கேத் இறந்தார். பின்னால் வந்த காதல் பாடல்களை மட்டும் கேட்டவர்களுக்கு அந்தக் குழுவில் இப்படி ஒரு கிதார் இருந்ததே தெரியாது.

கேட்டன், கேத் இருவரும் மகத்தான கலைஞர்கள். ஆனால் இவர்களைக் கேட்பதற்குப் புதிய காது தேவையில்லை. சோலோ வரும்போது நிமிர்ந்து உட்கார நமக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே இந்தத் தேர்வில் இவர்களை இரண்டாம் சுற்றுக்குத் தள்ளுகிறேன்.

லெனி ப்ரோ: அழகு, ஆனால் செங்குத்து

1941இல் கன்ட்ரி இசைத் தம்பதிக்குப் பிறந்து, கனடாவில் வளர்ந்து, பிறகு ஜாஸுக்குள் நுழைந்தவர் லெனி ப்ரோ. கன்ட்ரி கிதார் மேதை செட் அட்கின்ஸ் போன்ற ஒருவரே வியந்து போற்றிய விரல்கள் அவருடையவை. ஒரே கிதாரில் அவர் ஒருபுறம் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டே மறுபுறம் மெட்டைத் தனியாக நடத்துவார். பியானோவில் இரண்டு கைகள் செய்வதை ஒரே வலக்கையின் விரல்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார். அவருடைய ஹார்மோனிக்ஸ் வரிசைகள் இன்னொரு அதிசயம். இடக்கை அழுத்திய இடத்துக்குப் பன்னிரண்டு ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேலே வலது ஆள்காட்டி விரலால் கம்பியை லேசாகத் தொட்டு, கட்டைவிரலால் மீட்டுவார். மணிபோல ஓர் ஒலி எழும். அதற்கடுத்த ஸ்வரத்தைச் சாதாரணமாக மீட்டுவார். மணியொலியும் கம்பியொலியும் மாறி மாறி வரும்போது யாழ் ஒன்று உருகி வழிவதாகவே தோன்றும்.

1984இல் லாஸ் ஏஞ்சலஸில் அவர் கொலையுண்டார். அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை. அவர் விட்டுச் சென்ற பதிவுகளில் கச்சேரிகளும் வீட்டுப் பதிவுகளும் கலந்து சிதறிக் கிடப்பதால் எங்கே தொடங்குவது என்பதே புதியவருக்குக் குழப்பம். 1979இல் வந்த ‘ஃபைவ் ஓ கிளாக் பெல்ஸ்’ நல்ல வாசல். கிதார் கற்பவருக்கு ஒரு எச்சரிக்கை: அடிப்படை உறுதியாகும் முன்பு இவரைப் பின்பற்றப் போனால் மனம் சோர்ந்துவிடும். கேட்க மட்டும் விரும்புகிறவர், இரவில், தனியாக, எந்த வேலையும் இல்லாத நேரத்தில் கேட்க வேண்டிய கலைஞர்.

ரோசெட்டா தார்ப்: எளிதாகத் திறக்கும் கதவு

சிஸ்டர் ரோசெட்டா தார்ப்பை இன்று முற்றிலும் மறக்கப்பட்டவர் என்று சொல்ல முடியாது. 2018இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. ஆனால் அதற்கு எத்தனை காலம் ஆனது என்று பாருங்கள். 1915இல் ஆர்கன்ஸாவில் பிறந்து, 1938இல் இசைத்தட்டு கொடுக்கத் தொடங்கி, 1944இல் ‘ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே’யைப் பதிவு செய்தவர் அவர். ராக் அண்ட் ரோல் என்ற பெயர் பரவுவதற்கு முன்பே அதன் துள்ளல் அந்தப் பதிவில் முழுமையாக இருக்கிறது. ஜானி கேஷ், லிட்டில் ரிச்சர்ட் போன்றவர்கள் அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள். 1973இல் இறந்த அவருடைய கல்லறையில் பல பத்தாண்டுகள் பெயர் பொறித்த கல்கூட இல்லை.

தேவாலயத்தாருக்கு அவர் இரவு விடுதிகளில் பாடியவர். இரவு விடுதிக்காரர்களுக்கு அவர் பக்திப் பாடகி. ராக் வரலாறு எழுதியவர்களோ பையன்கள் கிதாரைத் தூக்கிய நாளிலிருந்துதான் எழுதத் தொடங்கினார்கள். இதற்கெல்லாம் நடுவே ஒரு பெண், அதுவும் கறுப்பினப் பெண், மின்கிதாரில் சோலோ வாசித்துக்கொண்டிருந்ததை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதவில்லை.

அவரைக் கேட்பதோடு பார்க்கவும் வேண்டும். 1964 மே மாதம் மான்செஸ்டரில் பயன்பாட்டில் இல்லாத ரயில் நிலையம் ஒன்றில் தொலைக்காட்சிக்காக எடுத்த நிகழ்ச்சி இருக்கிறது. ஒரு பிளாட்பாரத்தில் பார்வையாளர்கள், எதிர்ப் பிளாட்பாரத்தில் கலைஞர்கள். மழை. குதிரை வண்டியில் வந்து இறங்குகிறார், நல்ல கோட்டு அணிந்து, வெள்ளை கிப்சன் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, மழையைப் பற்றிய பக்திப் பாடலையே எடுக்கிறார். பாட்டு நடுவில் குரலை நிறுத்திவிட்டு கிதாரைப் பேசவிடும் இடத்தில் அவர் முகத்தைக் கவனியுங்கள். இவ்வளவு தன்னம்பிக்கையோடு கிதாரைப் பிடித்தவர்கள் எந்தத் தலைமுறையிலும் சிலரே. கிதார் இசையே புதிது என்பவருக்கு, வீட்டில் சிறுவர் சிறுமியருக்குக் கேட்கக் கொடுக்க வேண்டும் என்பவருக்கு, இங்கே நான் எடைபோடும் எட்டுப் பேரில் இவர்தான் முதல் தேர்வு.

பிரிஜ் பூஷண் கப்ரா: மூன்றாவது பெயர்

1967இல் வந்த ‘கால் ஆஃப் தி வேலி’ இந்துஸ்தானி இசையை உலகெங்கும் கொண்டுபோன இசைத்தட்டுகளில் ஒன்று. அதில் சந்தூர் வாசித்த சிவகுமார் சர்மாவையும் புல்லாங்குழல் வாசித்த ஹரிபிரசாத் சௌராசியாவையும் அறியாதவர் இல்லை. கிதார் வாசித்தவர் யார் என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். சரோத் மேதை அலி அக்பர் கானின் மாணவரான பிரிஜ் பூஷண் கப்ரா அவர். கிதாரைப் படுக்கவைத்து, ஃபிரெட்டுகளை மறந்து, கம்பிகளின் மேல் உருக்குத் துண்டை வழுக்கி வாசிப்பது அவர் முறை.

ராகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது ஏன் முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை. ஃபிரெட் வைத்த கிதாரில் ஸ்வரங்கள் படிக்கட்டாக நிற்கும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போகும் மீண்ட் அதில் கம்பியை இழுத்தால்தான் கொஞ்சம் கிடைக்கும். உருக்குத் துண்டு அந்தத் தடையை நீக்கிவிடுகிறது. கப்ரா ஆலாபனையில் ஒரு ஸ்வரத்தை நெருங்கும் விதத்தைக் கேளுங்கள். நேராகப் போய் அதில் இறங்காமல், கீழிருந்து மெல்லத் தேய்ந்து வந்து, சற்றே தயங்கி, பிறகு நிலைகொள்வார். அந்தத் தயக்கத்தில்தான் ராகம் இருக்கிறது. கிதார் என்பது மேற்கத்திய வாத்தியம், கமகம் வேறு உலகம் என்று பிரித்து வைத்திருப்பவர் அந்த எண்ணத்தை ஒரே மாலையில் கைவிட வேண்டியிருக்கும்.

பின்னால் வந்த விஸ்வமோகன் பட் 1994இல் கிராமி விருது பெற்று இந்தப் பாதையை உலகறியச் செய்தார். கப்ராவின் சீடர் தேபாசிஷ் பட்டாச்சார்யா இதை இன்னும் நுட்பமாக்கினார். இவர்களிடம் போய்ச் சேருவதற்கும் கப்ராவே சரியான தொடக்கம்.

எலிசபெத் காட்டன்: தலைகீழாகப் பிடித்த கிதார்

இவரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிதார் கையில் வைத்திருப்பவருக்கு என் பரிந்துரை இவர்தான்.

வட கரோலினாவில் 1893இல் பிறந்த காட்டன் இடக்கைப் பழக்கம் உள்ளவர். வீட்டில் இருந்ததோ வலக்கைக்காரர்களுக்குக் கம்பி கட்டிய வாத்தியம். கம்பிகளை மாற்றிக் கட்டாமல் அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டார். இதனால் என்ன ஆகிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். சாதாரணமாகத் தடித்த பேஸ் கம்பி முகத்துக்கு அருகிலும் மெல்லிய கம்பி தரையை நோக்கியும் இருக்கும். கட்டைவிரல் பேஸையும் மற்ற விரல்கள் மெட்டையும் வாசிக்கும். காட்டன் பிடியில் எல்லாம் புரண்டுவிட்டது. மெல்லிய கம்பிகள் மேலே வந்துவிட்டதால் மெட்டு கட்டைவிரலுக்குப் போனது. தாளம்போல மாறி மாறி விழும் பேஸ் ஆள்காட்டி விரலுக்குப் போனது.

விளைவு காதில் விழுகிறது. கட்டைவிரல்தான் கையிலேயே சதைப்பிடிப்பும் கனமும் உள்ள விரல். மெட்டு அந்தக் கனத்தோடு வருவதால் ஒவ்வொரு ஸ்வரமும் உருண்டு, சற்றே மந்தமான இனிமையோடு ஒலிக்கிறது. கீழே பேஸ் இலேசாக, அவசரமில்லாமல் நடக்கிறது. அவருடைய வாசிப்பு மற்ற நாட்டுப்புறக் கிதார் வாசிப்பிலிருந்து வேறுபட்டு ஒலிப்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

சிறுமியாக இருந்தபோதே ‘ஃபிரெய்ட் ட்ரெயின்’ பாட்டை இயற்றியவர், தேவாலயத்தாரின் அறிவுரையால் கிதாரையே விட்டுவிட்டார். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, கடை ஒன்றில் வழிதவறிய குழந்தையைத் தாயிடம் சேர்த்தார். அந்தக் குழந்தை நாட்டுப்புற இசைக் குடும்பமான சீகர் குடும்பத்தின் பெக்கி. அந்த வீட்டிலேயே பணிப்பெண்ணாகச் சேர்ந்த காட்டன், அங்கே சுவரில் தொங்கிய கிதாரை எடுத்து மறுபடி வாசிக்கத் தொடங்கினார். மைக் சீகர் பதிவு செய்த முதல் தொகுப்பு 1958இல் வந்தபோது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அதற்குள் அவருடைய பாட்டு இங்கிலாந்து போய், வேறு இருவர் பெயரில் பதிவாகி, 1957இல் பெரும் வெற்றியும் பெற்றுவிட்டது. உரிமை பின்னர்தான் அவருக்குத் திரும்பியது. 1985இல், தொண்ணூறு வயதைத் தாண்டிய நிலையில், கிராமி விருது பெற்றார். இரண்டாண்டுகளில் இறந்தார்.

கற்பவருக்கு இவரிடம் உள்ள நன்மைகள் பல. ‘ஃபிரெய்ட் ட்ரெயின்’ பாட்டுக்குச் சி, ஜி7, இ7, எஃப் என்று நான்கு கார்டுகள் போதும். வேகம் மிதமானது. பதிவுகள் குறைவு, ஆகவே எல்லாவற்றையும் முழுமையாகக் கேட்டு முடிக்கலாம். ஆனால் எளிது என்று நினைத்துவிட வேண்டாம். பேஸ் ஒரு கணமும் தடுமாறாமல் நடக்க, அதன் மேல் மெட்டு சுதந்திரமாக முன்பின் நகர வேண்டும். இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கக் கை பழகுவதற்கு மாதங்கள் ஆகும். நேர்ப்பிடியில் வாசிப்பவருக்கு இன்னொரு சவாலும் உண்டு: மெலிந்த விரல்களால் மீட்டப்படும் மெட்டுக்கு அவருடைய கட்டைவிரலின் கனத்தை எப்படியாவது கொண்டுவர வேண்டும். நகத்தை ஒதுக்கிவிட்டு விரல்நுனிச் சதையால் மீட்டிப் பாருங்கள், கொஞ்சம் நெருங்கலாம். அந்த முயற்சியே உங்கள் வலக்கையைப் பண்படுத்திவிடும்.

நோலனும் கிரீனும்: பின்னால் உட்கார்ந்த கைகள்

வாசிக்காமல் கேட்க மட்டும் செய்பவருக்கு என் பதில் வேறு. அவர் ஜிம்மி நோலனிடம் தொடங்கி ஃப்ரெடி கிரீனிடம் போய்ச் சேர வேண்டும்.

1965இல் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் சேர்ந்த நோலன், அந்த ஆண்டே ‘பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்’ பாட்டில் வாசித்தார். அதில் ஒரு வினாடி எல்லோரும் நின்றுவிட, கிதார் மட்டும் தனியாக ஒரே கார்டை விறுவிறுவென்று சுரண்டும் இடம் வரும். அங்கேதான் ஃபங்க் என்ற தாளம் மிகுந்த நடன இசையின் கிதார் தன் முகத்தைக் காட்டியது. கோழி கால்களால் மண்ணைக் கிளறும் ஒலியை வைத்து அந்தப் பாணிக்கு ‘சிக்கன் ஸ்கிராட்ச்’ என்றே பெயர். வலக்கை ஓர் அடிக்கு நான்கு என்று சதுச்ர நடையில் ஓயாமல் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும். இடக்கை கம்பிகளின் மேல் சும்மா படிந்திருக்கும், வேண்டிய இடத்தில் மட்டும் அழுத்திவிட்டு உடனே தளரும். அழுத்தியபோது கார்டு, தளர்ந்தபோது வெறும் ‘சிக்’ என்ற ஒலி. எங்கே ஒலிக்க வேண்டும் என்பதைவிட எங்கே ஒலிக்கக் கூடாது என்பதை அந்தக் கை முடிவு செய்துகொண்டிருக்கிறது. 1983இல் அவர் இறந்தார். இன்று நடன இசையில் கிதார் எங்கெல்லாம் இப்படிச் சிக்கனமாகத் துடிக்கிறதோ அங்கெல்லாம் அவர் கை இருக்கிறது. ஆனால் பெயர் சொல்லி நினைப்பவர்கள் குறைவு.

நோலனைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் கிரீனைக் கேட்க முடியும். 1937இல் கவுண்ட் பேசியின் ஜாஸ் குழுவில் சேர்ந்து, 1984இல் பேசி இறந்த பிறகும் விலகாமல், 1987இல் தான் இறக்கும் வரை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் அந்த ஒரே நாற்காலியில் இருந்தவர் அவர். சோலோ வாசித்ததே மிக அரிது. மின்கிதாரும் கிடையாது. டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் வரிசைகள் முழங்கும் இடத்தில் ஆம்ப்ளிஃபயர் இல்லாத மரக்கிதாரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆவர்த்தத்திலும் நான்கு அடி, நான்கு அடி என்று போட்டுக்கொண்டே இருந்தார். கம்பிகளை விரல் பலகையிலிருந்து மிக உயரமாக வைத்திருந்தார். அழுத்தவே கடினம், ஆனால் ஒலி தொலைவு போகும்.

அவர் வாசித்த கார்டுகளிலும் பல கம்பிகள் ஒலிப்பதில்லை. பல இடங்களில் நடுக்கம்பி ஒன்றின் ஸ்வரம் மட்டுமே தெளிவாக வரும், மற்றவை தடவலாக அடங்கிவிடும். டிரம்மின் அடிக்கு ஒரு சுருதி கிடைத்தால் எப்படி இருக்குமோ அதுதான் கிரீன். நம் கச்சேரிகளில் பக்கவாத்தியம் கேட்டுத் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கேட்கும் முறை ஓரளவு கைவந்ததே.

முதலில் அவர் காதில் விழமாட்டார். 1957இல் பதிவான ‘லில் டார்லின்’ மிகவும் மெதுவானது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்போன் வேண்டும். முதல் முறை பேஸ் வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். அது பிடிபட்டதும், ஒவ்வொரு பேஸ் ஸ்வரத்தின் தலைப்பிலும் ஒட்டிக்கொண்டு வரும் உலர்ந்த ‘சக்’ ஒலியைத் தேடுங்கள். கிடைத்துவிட்டால் பிறகு அதைக் கேட்காமல் இருக்க முடியாது. அந்தக் குழு முழுவதும் அந்தச் ‘சக்’கின் மேல்தான் சாய்ந்திருக்கிறது என்பது அப்போது தெரியும்.

இந்த எட்டுப் பேரில் மிகப் பெரியவர் யார் என்று கேட்டால் என் மனம் கிரீனைத்தான் சொல்கிறது. இருந்தும் அவரிடம் நேராகப் போங்கள் என்று யாருக்கும் சொல்லமாட்டேன். கேட்கத் தெரியாமல் கேட்டு, ஒன்றுமில்லை என்று விட்டுவிடும் ஆபத்து அதிகம். நோலனின் வாசிப்பு உடம்பை அசைக்கும், அதனால் யாரும் பாதியில் விடமாட்டார்கள். சிக்கனமான ரிதம் கிதாரைக் காது தேட ஆரம்பித்த பிறகு, ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து, கிரீனுக்கு மாறுவதே சரியான வரிசை.

ஆக, கிதார் கையில் இருந்தால் காட்டன். கேட்க மட்டும் என்றால் நோலன் வழியாகக் கிரீன். ராகத்தில் ஊறிய காது என்றால் கப்ராவை முதலில் வைத்துக்கொள்வதிலும் தவறில்லை. லெனி ப்ரோவை இவர்களுக்குப் பிறகு வையுங்கள், மெட்டையும் கார்டையும் தனித்தனியாகக் கேட்கக் காது பழகியிருக்கும். கேட்டனுக்கும் கேத்துக்கும் அதன் பிறகு போகலாம். அப்போது கேத்தின் சோலோவை மட்டும் தேடாதீர்கள். அந்தக் காலத்துச் சிகாகோ குழுவில் கிதாருக்கென்று வேறு ஆள் கிடையாது. பாட்டு முழுவதும் டிரம்பெட், டிராம்போன் வரிசைகளுக்கு அடியில் ரிதம் வாசித்துக்கொண்டிருப்பதும் அவரேதான்.